மசாய் மாராவில் சஃபாரி: கிளம்புவது முதல் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

கென்யா போகிறேன் என்று எந்த டிராவல்ஸிடம் சொன்னாலும் முதலில் நீட்டுவது ‘ஆறு நாளில் நான்கு பூங்கா’ என்ற திட்டத்தைத்தான். முதல் தடவை நானும் அதில்தான் போனேன். ஆம்போசெலி, நைவாஷா, நகுரு, கடைசியில் மசாய் மாரா. ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தால், மிருகங்களைப் பார்த்த நேரத்தைவிட லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். இரண்டாம் தடவை மாரா மட்டும், நான்கு இரவு. அந்தப் பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மசாய் மாரா, கென்யாவின் தென்மேற்கு மூலையில் நரோக் மாவட்டத்தில் இருக்கும் வனவிலங்குக் காப்பகம். பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா, அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். நடுவில் வேலி கிடையாது. எல்லைக்கோடு மனிதருக்குத்தான். ‘மாரா’ என்றால் மசாய் மக்களின் மா மொழியில் புள்ளி புள்ளியானது என்று பொருள். பழுப்புப் புல்வெளியில் அங்கங்கே தனி மரங்களையும் மேக நிழல்களையும் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் முடிவு: எந்த மாதம்?

செலவில் பாதியை இந்த ஒரு கேள்வியே தீர்மானித்துவிடும். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-இல் வந்த விகிதம் இது. 9 முதல் 17 வயது வரை 50 டாலர். ஜூன் 30 அன்று உள்ளே இருப்பவருக்கும் மறுநாள் உள்ளே இருப்பவருக்கும் தெரியும் சிங்கம் ஒன்றுதான், கட்டணம்தான் இரண்டு மடங்கு.

அப்படி ஜூலைக்கு மேல் என்ன விசேஷம் என்றால், வில்டபீஸ்ட் கூட்டம். மாடு மாதிரித் தோற்றமுள்ள பெரிய மான் வகை அது. பத்து லட்சத்துக்கு மேல் வில்டபீஸ்ட்டும், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும் மானும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் செரெங்கெட்டியிலும் மாராவிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். குட்டி போடுவது பிப்ரவரி வாக்கில், செரெங்கெட்டியின் தெற்கில். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாராவில் இருக்கும். அப்போதுதான் அவை மாரா ஆற்றைக் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி.

ஆற்றைக் கடப்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். கூட்டத்துக்கும் செலவுக்கும் தயாராகப் போங்கள். சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி போதும் என்றால் ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. அவை வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. புல் உயரம் குறைவு, கட்டணம் பாதி, வண்டிகளும் குறைவு. ஏப்ரல், மே பெருமழைக் காலம். மாராவில் பல பகுதிகள் கரிசல் மண். நனைந்த கரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; தெரியாதவர்கள் சக்கரம் புதைந்த வண்டியை நாலு பேர் தள்ளும்போது தெரிந்துகொள்வார்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே: ஊசியும் அனுமதியும்

இந்தியர்கள் பலர் சறுக்குவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். கென்யாவுக்குள் போகும்போது கேட்கமாட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். திரும்பி வரும்போது இந்தியாவில் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லுபடி. அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். 60 வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போடவேண்டாம். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கும் திரும்பும்போது இதே அட்டை வேண்டும்.

மாராவில் மலேரியா உண்டு. மாத்திரை எது, எத்தனை நாள் முன்பு தொடங்குவது என்பதையும் அதே வாரத்தில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டது. பதிலுக்கு இ.டி.ஏ. என்ற இணைய வழிப் பயண அனுமதி வாங்கவேண்டும். விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு, புகைப்படம் கேட்பார்கள். கட்டணம் 30 டாலர் அளவில். அரசின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய. தொகை இரண்டு மூன்று மடங்கு காட்டினால் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் ஆறு மணி நேரம். கென்யாவின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே தங்குவது

மூன்று வகை. ஒன்று, காப்பகத்துக்கு வெளியே, தலெக், செகெனானி வாயில்களை ஒட்டியுள்ள கூடார விடுதிகள். விலை மலிவு. இரண்டு, காப்பகத்துக்குள்ளேயே உள்ள லாட்ஜ்கள். மூன்று, வடக்கிலும் கிழக்கிலும் மசாய் குடும்பங்களின் நிலங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சிகள். மாரா நார்த், ஒலாரே மொட்டொரோகி, நபோய்ஷோ என்று பல இருக்கின்றன.

மலிவு என்பதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நுழைவுச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். வெளியே தங்கினால் தினமும் புதிதாகக் கட்டவேண்டும். ஆகஸ்டில் கணவன் மனைவி மூன்று நாள் உள்ளே போனால் வாசலில் மட்டுமே 1,200 டாலர். கூடாரத்தில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். அதே கணக்கு பிப்ரவரியில் 600 டாலர்.

கன்சர்வன்சி விலை முதலில் மூச்சுமுட்ட வைக்கும். ஆனால் பெரும்பாலும் சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, நிலக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் அங்கே உண்டு. கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்காது. பணம் இருக்கிறவர்களுக்கு என் யோசனை: இரண்டு இரவு கன்சர்வன்சி, இரண்டு இரவு காப்பகம்.

காப்பகத்தின் மேற்குப் பகுதிக்கு மாரா முக்கோணம் என்று பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓலோலோலோ மலைச்சரிவின் அடியில். 2001 முதல் தனி நிர்வாகம். சாலையும் ஒழுங்கும் நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு.

வண்டியும் ஓட்டுநரும்

லாட்ஜில் மெத்தை எப்படி என்று விசாரிக்கிற நேரத்தில் பாதியை ஓட்டுநரைப் பற்றி விசாரிப்பதில் செலவிடுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரம் முழுக்க அவரோடுதான்.

கூரை மேலே தூக்கிக்கொள்ளும் லேண்ட் குரூசர், அதே மாதிரி கூரையுள்ள வேன் என்று இரண்டு உண்டு. வேன் மலிவு, மழையில்லாத மாதத்தில் சமாளிக்கும். நாலு பேர் சேர்ந்தால் லேண்ட் குரூசரைத் தனியாக எடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு பங்கு போட்டால், நீங்கள் உட்கார்ந்து பார்க்க நினைக்கும் இடத்தில் இன்னொருவருக்குப் பசிக்கும்.

பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாருக்கும் ஜன்னலோர இருக்கை உண்டா? காலை ஆறு மணிக்கே கிளம்ப முடியுமா, முழுநாளும் வெளியே இருக்கலாமா, கிலோமீட்டர் கணக்கு ஏதும் வைத்திருக்கிறார்களா? ஓட்டுநர் கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் தேர்வு எழுதியவரா? அந்தச் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படித்தரம் வைத்திருக்கிறது. வெள்ளிப் பட்டயக்காரர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பெட்டியில் என்ன

பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் கென்யாவில் தடை, 2020 முதல் காப்பகங்களில் தூக்கி எறியும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. துணிகளைப் பிரித்து வைக்க நம்ம ஊர் மஞ்சப்பை போதும். ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். விடிகாலையில் கூரை திறந்த வண்டியில் காது விறைத்துவிடும், பத்து மணிக்குச் சட்டை நனையும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவதுதான் வழி. கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கடிக்கும் செட்சீ ஈக்களுக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். காக்கி, பழுப்பு, சாம்பல் நல்லது. தூசிக்கு ஒரு பருத்தித் துண்டு, தலையில் கட்டவும் கேமராவை மூடவும்.

கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். 8×42 அளவு போதும். ஆளுக்கு ஒன்று இருந்தால் சண்டை வராது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் காலியான தடித்த துணிப்பை ஒன்று கொண்டுபோய், நரோக்கில் இரண்டு கிலோ பீன்ஸ் வாங்கி அதில் நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். வண்டி விளிம்பில் வைத்தால் முக்காலி தோற்றுவிடும். திரும்பும்போது பீன்ஸை ஓட்டுநரிடம் கொடுத்துவிடலாம். மின்சாரச் செருகி ஜி வகை, மூன்று தட்டைக் கால் உள்ளது. ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் பறிமுதல் ஆகும்.

நைரோபியிலிருந்து மாரா

வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம். பையின் எடை 15 கிலோ வரைதான், அதுவும் சக்கரமில்லாத மென்மையான பையாக இருக்கவேண்டும். சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம். முதல் தடவை போகிறவர்கள் ஒரு வழியாவது சாலையில் போகலாம். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டி நிற்கும், கீழே தரை அப்படியே இறங்கிப்போயிருக்கும். அந்த இறக்கத்தில் சாலையோரம் ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் 1942-இல் கட்டியது. பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடும், நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

நரோக்தான் கடைசிப் பெரிய ஊர். பெட்ரோல், ஏ.டி.எம்., மருந்துக்கடை, எல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டாலர் கொண்டுபோவதாக இருந்தால் 2009-க்கு முந்தைய நோட்டு வேண்டாம், பல இடங்களில் வாங்கமாட்டார்கள்.

தேடுவது எப்படி

சூரியன் வருடம் முழுக்க ஆறரை மணியை ஒட்டித்தான் உதிக்கும். ஆறு மணிக்கு வாயிலில் இருக்கவேண்டும். முதல் மூன்று மணி நேரம்தான் தங்கம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கும். பத்து மணிக்குக் கிளம்பினால் புல்லுக்குள் ஒரு காது தெரியும், அவ்வளவுதான்.

நல்ல ஓட்டுநர் சிங்கத்தைத் தேடமாட்டார். மற்றதைப் பார்ப்பார். எங்களோடு வந்தவர் ஒரு காலையில் திடீரென்று வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்னால் கரையான் புற்றின் மேல் ஒரு டோபி மான் காவல்காரன் மாதிரி நின்றிருந்தது. இருநூறு மீட்டர் தள்ளி ஓர் ஒட்டகச்சிவிங்கி. இரண்டும் ஒரே புதரைப் பார்த்துக்கொண்டிருந்தன. “நமக்குத் தெரியாதது அதுகளுக்குத் தெரியுது” என்கிற மாதிரி அவர் கையை நீட்டினார். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற இரண்டு வண்டிகள் பொறுமையிழந்து போய்விட்டன. அப்புறம் அந்தப் புதரிலிருந்து ஒரு பெண் சிறுத்தை எழுந்து, சோம்பல் முறித்து, எங்கள் வண்டியின் நிழலை ஒட்டியே நடந்து ஓடைக்குள் இறங்கியது. ரேடியோவில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வானத்தில் வட்டமிடும் கழுகைவிட நேராக இறங்கும் கழுகுதான் சேதி சொல்லும். கழுதைப்புலி ஒரே திசையில் ஓடினால் பின்னால் போங்கள். சிறுத்தைக்கு ஆற்றோரத்து மரங்களின் கிடைமட்டக் கிளைகளைப் பாருங்கள், தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும்.

பெயர்க் குழப்பம் ஒன்று. நாம் புள்ளி போட்ட எல்லாவற்றையும் சிறுத்தை என்று சொல்லிவிடுகிறோம். மரத்தில் ஏறிப் படுக்கும், ரோஜா இதழ் மாதிரித் திட்டுத் திட்டாகப் புள்ளியுள்ளது சிறுத்தை. ஒல்லியாக, நெட்டையாக, கண்ணிலிருந்து வாய் வரை மை வழிந்த மாதிரிக் கோடு உள்ளது சிவிங்கி. ஒட்டக உடம்பும் சிவிங்கியின் புள்ளியும் இருப்பதால்தான் அந்த இன்னொன்றுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். ஓட்டுநரிடம் கேட்பதற்கு ஸ்வாஹிலிப் பெயர்கள்: சிறுத்தை சூயி, சிவிங்கி டுமா, சிங்கம் சிம்பா, ஒட்டகச்சிவிங்கி ட்விகா, கழுதைப்புலி ஃபிசி. வரிக்குதிரை புண்டா மிலியா, அதாவது கோடு போட்ட கழுதை. நாம் குதிரை என்றோம், அவர்கள் கழுதை என்றார்கள்.

சிவிங்கி பகலில் வேட்டையாடுவது. வண்டிகள் சூழ்ந்துகொண்டால் அதற்கு இரை கிடைக்காது. மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கு மேல் குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது; வண்டிகள் மொய்க்கும் பகுதியில் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், தடத்தைவிட்டு இறங்கக் கூடாது என்ற விதிகள் இதற்காகத்தான். ஓட்டுநர் விதியை மீறுவது பெரும்பாலும் நம் டிப்ஸுக்காக. “பக்கத்தில் போகவேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

காண்டாமிருகம் மாராவில் மிகக் குறைவு. அது கட்டாயம் வேண்டும் என்றால் வழியில் நகுருவில் ஓர் இரவு தங்குங்கள்.

ஆற்றங்கரையில்

டிவியில் வில்டபீஸ்ட் ஆற்றில் குதிப்பது நான்கு நிமிடம். நேரில் அதற்கு முன்னால் நான்கு மணி நேரம் இருக்கிறது. எங்களுக்கு முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருந்து ஒன்றும் நடக்கவில்லை. கரை விளிம்பு வரை ஆயிரக்கணக்கில் வந்து நின்றன. ம்ம்... ம்ம்... என்று மூக்கால் முனகும் சத்தம், தூசி, ஊறிப்போன பிண நாற்றம். ஒரு வரிக்குதிரை இறங்கித் தண்ணீர் குடித்தது. ஏதோ ஒன்று மிரண்டது, மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிட்டது. மறுநாள் அதே இடத்தில், யாரும் எதிர்பாராத பதினொன்றரை மணிக்கு ஒன்று குதித்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

முதலை பிடிப்பதைத்தான் எல்லாரும் படமெடுப்பார்கள். உண்மையில் நெரிசலில் மூழ்கிச் சாவதுதான் மிக அதிகம். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,200-க்கு மேல் வில்டபீஸ்ட் இப்படிச் சாவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாற்றத்தில்தான் ஆற்று மீன் முதல் மராபு நாரை வரை பிழைக்கின்றன.

கரைக்குச் சற்றுத் தள்ளி, கூட்டம் இறங்கும் வழியை மறைக்காமல் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும் வரை விளிம்புக்குப் போகக் கூடாது. எக்காரணத்துக்கும் வண்டியைவிட்டு இறங்காதீர்கள்.

சாப்பாடும் மற்றதும்

சைவர்கள் கவலைப்படவேண்டாம். சப்பாத்தி, சமோசா, சாயா எல்லாம் கென்யர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. 1896-இல் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கு வந்த இந்தியத் தொழிலாளர்களும் பின்னால் வந்த கடைக்காரர்களும் விட்டுப்போனது. மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கிதேரி, கீரைப் பொரியல் மாதிரி இருக்கும் சுகுமா விக்கி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முட்டை சேர்க்கலாமா கூடாதா என்பதை முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். முழுநாள் சவாரிக்குத் தரும் மதியப் பெட்டி பெரும்பாலும் சுரத்தில்லாத சாண்ட்விச். ஒரு சிறு டப்பா பருப்புப் பொடி அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

புல்வெளியில் கழிப்பறை கிடையாது. ஸ்வாஹிலியில் இதற்கு ‘குச்சிம்பா டாவா’ என்பார்கள், மருந்து தோண்டப் போவது. நாம் ஒதுங்குவது என்று சொல்கிறோமே, அதேதான். ஓட்டுநர் முதலில் புதரைப் பார்த்துவிட்டு வருவார், பிறகு வண்டியின் பின்பக்கம் மட்டும் போகலாம். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பலூன் சவாரி விடிகாலையில் ஒரு மணி நேரம், ஆளுக்கு 450 டாலரிலிருந்து. நான் போகவில்லை, அந்தப் பணத்துக்கு இன்னொரு நாள் தங்கினேன். மசாய் கிராமத்துக்குப் போவதாக இருந்தால் கட்டணத்தை வாசலிலேயே பேசிவிடுங்கள், யாரையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். காட்சிக்காக அவர்கள் குதித்து ஆடுவதைப் பார்ப்பதைவிட, மாடுகளை ஓட்டிக்கொண்டு சாலையோரம் வரும் ஒருவரோடு ஓட்டுநரை மொழிபெயர்க்கச் சொல்லிப் பத்து நிமிடம் மாட்டைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நேரம் போவது தெரியாது.

கடைசிக் காலை

உள்ளே தங்கியவர்கள் கிளம்பும் நாளில் பத்து மணிக்குள் வாயிலைத் தாண்டவேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் கட்டணம். முந்தின இரவே பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டால் காலைச் சவாரியை விடவேண்டியதில்லை. ஓட்டுநருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 டாலர் கணக்கில் டிப்ஸ் வழக்கம், உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். சமையல், துப்புரவுப் பணியாளர்களுக்கு லாட்ஜில் பொதுப் பெட்டி இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் அனுப்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கைப்பையில் வையுங்கள். இறங்கியதும் குடியுரிமைக் கவுண்டருக்கு முன்னாலேயே ஒரு மேசை இருக்கும், அங்கே கேட்பார்கள்.